உலர் ஹைட்ரஜன் குளோரைடு சிலிண்டர் கிடங்கில் கிழிந்தது: எஃகின் குறையா, அதிக அழுத்தமா, வேறு ஏதாவதா?

உருளைஆய்வு கேட்டது:

வணக்கம். 40 லிட்டர் கொள்ளளவுள்ள, தையல் இல்லாத எஃகு சிலிண்டர். உள்ளே நீரற்ற ஹைட்ரஜன் குளோரைடு. டெஸ்ட் பிரஷர் 200 பார். நிரப்பி ஏழு வாரம் கழித்து, எந்தக் குழாயிலும் இணைக்காமல் கிடங்கில் இருந்தபோது நீளவாக்கில் கிழிந்து திறந்துவிட்டது. அன்று கிடங்கில் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி இருந்தது. தீ எதுவும் இல்லை. ஆட்களுக்குக் காயம் இல்லை.

இதுவரை கிடைத்த விவரங்கள்:

வெளி விட்டம் 204 மி.மீ. பாதிப்பில்லாத இடங்களில் சுவரின் தடிமன் 3.8 மி.மீ. எஃகு குரோம்-மாலிப்டினம் வகை, குவென்ச் செய்து டெம்பர் செய்தது. கடினத்தன்மை 275 முதல் 285 விக்கர்ஸ். உள்பக்கம் சுமார் 900 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலத்துக்கு ஒரு நேர்கோட்டுப் பட்டையாக அரிப்புக் குழிகள். குழிகளின் சராசரி ஆழம் 0.6 மி.மீ., மிக ஆழமானது 1.2 மி.மீ. கிழிசல் அந்தப் பட்டை வழியேதான் ஓடியிருக்கிறது. முறிந்த முகத்தில் 260 மி.மீ. நீளத்துக்கு உள்பக்கத்திலிருந்து கறுத்த, தட்டையான பகுதி தெரிகிறது. அது ஆழமாக உள்ள இடத்தில், குழியையும் சேர்த்து 3.1 மி.மீ. மிச்சமுள்ள 0.7 மி.மீ. மட்டும் 45 டிகிரி சாய்வாகக் கிழிந்திருக்கிறது. கிழிசல் அடிப்பகுதி வளைவை எட்டியதும் சுற்றிப் போய், அடி தனியே கழன்றுவிட்டது.

குழுவில் மூன்று கருத்து. அளவுக்கு மேல் நிரப்பிவிட்டார்கள் என்கிறார் ஒருவர். எஃகிலேயே தயாரிப்புக் குறை என்கிறார் இன்னொருவர். ஹைட்ரஜன் நொறுங்கல் (ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகை நொறுங்கவைப்பது) என்று சொல்லிக் கோப்பை மூடிவிடலாம் என்கிறார் மூன்றாமவர். எந்தச் சோதனையை எந்த வரிசையில் செய்தால் இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியும்? அதே நாளில் நிரப்பிய மற்ற சிலிண்டர்களை என்ன செய்வது?

---

முறிமுகம் பதில்:

சோதனைக்கு முன்னால் ஒரு அவசர வேலை இருக்கிறது. அந்தக் கறுத்த பகுதி இந்த நிமிடமும் அழிந்துகொண்டிருக்கலாம். உள்ளே உள்ள இரும்புக் குளோரைடு காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக் கசியும், அந்தக் கசிவு மறுபடி எஃகைத் தின்னும். துண்டுகளைத் தார்ப்பாய் போட்டு ஒரு வாரம் மூடிவைத்தால் விரிசலின் முகத்தில் படிக்க எதுவும் மிஞ்சாது. குழிகளின் ஆழமும் கூடிவிடும். பிறகு எது வெடிப்புக்கு முன் வந்தது, எது பின் வந்தது என்று பிரிக்கவே முடியாது.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் துண்டுகள் கிடந்த நிலையிலேயே அளவுகோல் வைத்துப் படம். அடுத்து படிவு. பிளாஸ்டிக் கரண்டியால் உலர்வாகச் சுரண்டி, இறுக்கமாக மூடும் கண்ணாடிக் குப்பிகளில் தனித்தனியாக எடுங்கள்: குழிப் பட்டையிலிருந்து ஒன்று, எதிர்ப்பக்கச் சுவரிலிருந்து ஒன்று, அடிக் கிண்ணத்திலிருந்து ஒன்று, வால்வின் உள்வாயிலிருந்து ஒன்று. நிறத்தையும் அப்போதே குறித்துவிடுங்கள். இளம்பச்சை என்றால் ஃபெரஸ் குளோரைடு. காற்றுப் பட்டதும் அது மஞ்சள் பழுப்பாக மாறிவிடும், நாளைக்குப் பார்த்தால் அந்தத் தகவல் இருக்காது.

படிவு எடுத்த பிறகுதான் முகத்தைக் கழுவ வேண்டும். அயனி நீக்கிய நீரால் குளோரைடு போகும்வரை அலசி, உடனே நீரற்ற எத்தனால் ஊற்றி, உலர் காற்றில் காயவைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் வையுங்கள். எண்ணெய் தெளிக்க வேண்டாம். கம்பித் தூரிகை கூடவே கூடாது. இரண்டு முகங்களையும் பொருந்துகிறதா என்று ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு முறை உரசினாலே நுண்ணிய மேடுகள் நசுங்கிவிடும், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வெறும் தேய்ந்த உலோகம்தான் தெரியும்.

கிழிசல் எங்கே தொடங்கியது என்பதை வெறும் கண்ணாலேயே சொல்லலாம். வேகமாக ஓடிய பகுதிகளில் அம்புமுனை போன்ற வரிகள் இருக்கும், அவற்றின் கூர்முனை தொடக்க இடத்தை நோக்கி நிற்கும். இரண்டு பக்கத்து அம்புகளும் அந்த 260 மி.மீ. கறுப்புப் பகுதியையே காட்டினால் தொடக்கம் அதுதான். அடிப்பகுதி கழன்றது பின்விளைவு, அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

எஃகுக் குறையா என்ற கேள்விக்கு இரண்டே வெட்டு போதும். விரிசலுக்குக் குறுக்கே, கறுப்புப் பகுதியின் நடுவில் ஒன்று, அதன் முனையில் ஒன்று என்று அறுத்து, மெருகேற்றி, 2 சதவீத நைட்டாலில் (நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹால்) பொறியுங்கள். அறுக்கும்போது சூடேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கேஸ் கட்டிங் அருகிலேயே வரக்கூடாது. சிலிண்டரை இழுத்து உருவாக்கும்போது விழுந்த மடிப்பு என்றால் அது வெப்பச் சிகிச்சைக்கு முன்பே இருந்திருக்கும். ஆகவே விரிசலின் இரு கரையிலும் கார்பன் இழந்த வெள்ளை விளிம்பும், உள்ளே அடர்ந்த உயர்வெப்ப ஆக்சைடும் தெரியும். கரை வரை டெம்பர் செய்த மார்ட்டென்சைட் (இந்த எஃகின் இயல்பான உள்ளமைப்பு) மாறாமல் இருந்தால் அந்த விரிசல் பயன்பாட்டில் பிறந்தது. தயாரித்தவர் மேல் பழி போடும் முன் இந்தப் படம் கோப்பில் இருக்க வேண்டும்.

---

கலன்கணக்கு பதில்:

அளவுக்கு மேல் நிரப்பினார்களா என்பதைக் கணக்காலும் டேப்பாலும் தீர்க்கலாம்.

கணக்கு: 280 விக்கர்ஸ் என்றால் இழுவலிமை ஏறத்தாழ 880 மெகாபாஸ்கல். குறையில்லாத சுவர் கிழிய வேண்டிய அழுத்தம், இரண்டு மடங்கு தடிமனை வலிமையால் பெருக்கி நடு விட்டத்தால் வகுத்தால் வருவது: 2 × 3.8 × 880 ÷ 200 = 33 மெகாபாஸ்கல், அதாவது 330 பார். ஹைட்ரஜன் குளோரைடின் ஆவியழுத்தம் 20 டிகிரியில் 43 பாருக்குச் சற்றுக் குறைவு, 30 டிகிரியில் 53 பார் அளவு. நல்ல சிலிண்டருக்கு இது ஆறில் ஒரு பங்கு சுமைதான்.

இனி விரிசலோடு. 260 மி.மீ. நீளத்தில் சுவர் முழுக்கத் துளைபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீளத்தின் வர்க்கத்தை விட்டம் × தடிமனால் வகுத்தால் 67,600 ÷ 775 = 87. குழாய் அரிப்பு மதிப்பீட்டில் பயன்படும் திருத்திய பி31ஜி முறைப்படி, இந்த எண் 50-ஐத் தாண்டினால் புடைப்புக் காரணி (விரிசல் வலிமையை எத்தனை மடங்கு குறைக்கிறது என்ற எண்) 0.032 × 87 + 3.3, அதாவது 6.1. 330-ஐ 6.1-ஆல் வகுத்தால் 54 பார். இழுவலிமைக்குப் பதில், எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவை ஒட்டிய பாய்வுத் தகைவைப் போட்டால் இன்னும் கொஞ்சம் குறையும்.

அதாவது அந்த 0.7 மி.மீ. மிச்சம் அறுந்த நொடியில், 30 டிகிரியில் இருக்க வேண்டிய சாதாரண அழுத்தமே சிலிண்டரைத் திறந்துவிடப் போதுமானது. கூடுதல் அழுத்தம் என்று ஒன்றைத் தேடிப் பிடிக்கத் தேவையே இல்லை. இதே ஆழத்தில் விரிசல் 100 மி.மீ. நீளம் மட்டும் இருந்திருந்தால் காரணி 2.9, தாங்கும் அழுத்தம் 113 பார். அது வெறும் கசிவாக முடிந்து, கிடங்கில் நெடி அடித்து, எல்லோரும் வெளியே ஓடியிருப்பார்கள். கசிவா, வெடிப்பா என்பதை இங்கே தீர்மானித்தது ஆழம் அல்ல, நீளம். குழிகள் ஒரே கோட்டில் அமைந்ததால் சின்னச் சின்ன விரிசல்கள் தலையோடு வால் சேர்ந்து நீண்ட ஒன்றாகிவிட்டன.

டேப் சோதனை: கிழிசலுக்கு வெளியே உள்ள முழுப் பகுதிகளில் 100 மி.மீ.க்கு ஒரு இடம் என்று சுற்றளவை எடுங்கள். 204 மி.மீ. விட்டத்துக்கு 641 மி.மீ. வர வேண்டும். விட்டத்தில் தயாரிப்பு வேறுபாடு இருக்கும் என்பதால் வரைபட எண்ணோடு ஒப்பிடுவதைவிட, தோளை (கழுத்தை நோக்கிக் குறுகும் மேற்பகுதியை) ஒட்டிய சுற்றளவோடு நடுப்பகுதியை ஒப்பிடுவது நம்பகமானது. எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் விளைவு எல்லையைத் தாண்டிய அழுத்தம் வந்திருந்தால் நடுப்பகுதி பீப்பாய் போல ஊதியிருக்கும், சுவரும் ஒரே சீராக மெலிந்திருக்கும். இரண்டும் இல்லையென்றால் அதிக அழுத்தம் என்ற வாதத்தைக் கீழே வைக்கலாம்.

எடைப் பதிவையும் பார்த்துவிடுங்கள். 200 பார் டெஸ்ட் பிரஷருக்கு ஐ.நா.வின் அபாயப் பொருள் போக்குவரத்துக்கான பி200 விதி அனுமதிக்கும் நிரப்பு விகிதம் லிட்டருக்கு 0.74 கிலோ. 40 லிட்டருக்கு 29.6 கிலோ உச்சம். இந்த அளவிலேயே, 20 டிகிரியில் திரவத்துக்கு மேல் சுமார் 5 லிட்டர் இடம்தான் இருக்கும். 30 டிகிரியில் அது 2 லிட்டர் அளவுக்குச் சுருங்கும், முப்பதுகளின் பாதியைத் தாண்டினால் இடமே இருக்காது. 200 பார் தாங்கும் கலனுக்கு அது அனுமதிக்கப்பட்ட நிலைதான். ஆனாலும் வேறு வாயு ஏதாவது உள்ளே உற்பத்தியானால் இந்தச் சுருக்கம் முக்கியமாகிவிடும்.

ஒரு கேள்வி: சிலிண்டர் நின்றிருந்ததா, படுத்திருந்ததா? குழிகள் நேர்கோட்டில் இருப்பதைப் பார்த்தால் படுத்திருந்தது என்றுதான் தோன்றுகிறது.

---

உருளைஆய்வு:

ஆமாம், நிரப்பியபின் படுக்கவைத்து அடுக்கியிருந்தார்கள். ஏழு வாரமும் யாரும் உருட்டவில்லை. எடைப் பதிவில் 29.2 கிலோ. சுற்றளவு எல்லா இடத்திலும் 640–642 மி.மீ. நைட்டால் படத்தில் வெள்ளை விளிம்பு இல்லை. அப்படியானால் ஹைட்ரஜன் நொறுங்கல் என்று எழுதிவிடலாமா? எஃகில் ஹைட்ரஜன் அளவைச் சோதிக்கக் கொடுத்திருக்கிறோம்.

---

வேதிக்கூடம் பதில்:

எழுதலாம், ஆனால் அது பாதிப் பதில்தான். உலர்ந்த ஹைட்ரஜன் குளோரைடு எஃகை இப்படித் தின்னாது. நீர் சேர்ந்தால்தான் அடர் அமிலம் உருவாகும். அந்த அமிலம் திரவ ஹைட்ரஜன் குளோரைடைவிடக் கனமானது, ஆகவே படுத்துக் கிடக்கும் சிலிண்டரின் தாழ்ந்த கோட்டில் போய்த் தேங்கும். உங்கள் 20 மி.மீ. பட்டை அந்த அமில ஓடை கிடந்த இடம். நின்றிருந்தால் அடிக் கிண்ணத்தில் வட்டமாக அரித்திருக்கும். அங்கே சுவர் தடிமனாகவும் இருக்கும்.

ஆகவே அறிக்கை பதில் சொல்ல வேண்டிய கேள்வி, நீர் எவ்வளவு, எங்கிருந்து வந்தது என்பதுதான். இரண்டையும் உங்கள் அளவுகளிலிருந்தே எடுக்கலாம்.

பட்டையின் கன அளவு 90 செ.மீ. × 2 செ.மீ. × 0.06 செ.மீ. = 10.8 கன செ.மீ. அதாவது 85 கிராம் இரும்பு, சுமார் 1.5 மோல். ஒரு மோல் இரும்பு கரைந்தால் ஒரு மோல் ஹைட்ரஜன் வாயு வரும். உண்டாகும் ஃபெரஸ் குளோரைடு இரண்டு முதல் நான்கு மூலக்கூறு நீரைப் படிகத்தில் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிக்கப்பட்ட நீர் தீர்ந்ததும் அரிப்பு மந்தமாகும். ஆக, இந்த அளவு அரிப்புக்குப் பின்னால் குறைந்தது 3 முதல் 6 மோல் நீர், அதாவது 55 முதல் 110 மி.லி. வெடித்த பிறகு காற்றில் அரித்தது கொஞ்சம் இதில் சேர்ந்திருக்கும், ஆனாலும் எண் பெரிதாக மாறாது.

இனி மூலங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வால்வு திறந்தே கிடந்ததால் ஈரக்காற்று புகுந்தது என்று நிச்சயம் யாராவது சொல்வார்கள். 30 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் நீர் வைத்திருக்கும். 40 லிட்டருக்கு 1.2 கிராம். ஐம்பது மடங்கு போதாது, அந்த விளக்கம் அங்கேயே விழுந்துவிடும். நிரப்பும் வாயுவில் உள்ள பிபிஎம் (பத்து லட்சத்தில் சில பங்கு) அளவு ஈரமும் அப்படித்தான். மிஞ்சுவது இரண்டு: ஹைட்ரோ டெஸ்ட்டுக்குப் (நீர் நிரப்பிச் செய்யும் அழுத்தச் சோதனை) பின் சரியாக உலர்த்தாமல் விட்ட நீர், அல்லது பயன்படுத்திய இடத்தில் பின்னோக்கி உறிஞ்சப்பட்ட திரவம்.

இரண்டாவது மிகவும் சகஜம். ஹைட்ரஜன் குளோரைடு நீரில் கரையும் வேகம் அசாத்தியமானது, அறை வெப்பத்தில் ஒரு பங்கு நீர் நானூறு பங்குக்கு மேல் வாயுவை விழுங்கும். சிலிண்டர் காலியாகி, வால்வு திறந்திருக்க, குழாயின் மறுமுனை நீரிலோ நீர்க்கரைசலிலோ மூழ்கியிருந்தால், குழாயில் மிஞ்சிய வாயு கரைந்து வெற்றிடமாகி, திரவம் மேலேறிச் சிலிண்டருக்குள் போய்விடும். கண் இமைக்கும் நேரத்தில் 100 மி.லி. போகும். பார்ப்பவருக்குக் குமிழி நின்றதாக மட்டுமே தெரியும்.

எது நடந்தது என்பதைப் படிவே சொல்லும். முறிமுகம் சொன்ன குப்பிகளில் பாதியை எடுத்து ஐசிபி-யில் (தனிமங்களின் அளவைக் காட்டும் கருவி) சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், சிலிக்கான் பாருங்கள். பயன்படுத்திய இடத்து ஆலைக் கரைசலில் மட்டும் உள்ள தனிமம் ஏதாவது வந்தால் கேள்வி முடிந்தது. வெறும் கால்சியமும் மெக்னீசியமும் சாதாரண நீரின் விகிதத்தில் வந்தால் டெஸ்ட் நீர் பக்கம் சாயும், தோளில் உள்ள கடைசி டெஸ்ட் தேதியோடு ஒத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு பல முறை நிரப்பிக் காலியாகியிருந்தால் டெஸ்ட் நீர் என்ற வாதம் வலுவிழக்கும். இரும்பு, குளோரைடு தவிர வேறு எதுவும் இல்லையென்றால் அயனி நீக்கிய நீரில் மூழ்கியிருந்த குழாயைத் தேடுங்கள். வால்வின் உள்வாயிலும், அதிலிருந்து உள்ளே இறங்கும் குழாயிலும் உள்ள படிவு இங்கேதான் கைகொடுக்கும்: வெளியிலிருந்து நீர் வந்திருந்தால் அது வந்த வழியெல்லாம் தடம் விட்டிருக்கும்.

ஹைட்ரஜன் அளவைச் சோதிக்கக் கொடுத்ததைப் பற்றி: அந்த எண் குறைவாக வந்தால் எதையும் மறுக்காது. இந்த வகை எஃகில் நகரும் ஹைட்ரஜன், 4 மி.மீ. சுவரிலிருந்து சாதாரண வெப்பத்திலேயே சில நாட்களில் வெளியேறிவிடும். சம்பவம் நடந்த உடனே திரவ நைட்ரஜனில் போட்டுவைத்த துண்டு என்றால் மட்டுமே அதற்கு மதிப்பு. அறிக்கையில் அந்த எண்ணை ஆதாரமாக வைக்காதீர்கள்.

---

முறிமுகம்:

வேதிக்கூடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஹைட்ரஜன் என்பதற்கு நேரடி அளவீடு கிடைக்காது, ஆகவே மூன்று தனித்தனிச் சாட்சிகளைச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

ஒன்று, முறிமுகம். கறுப்புப் பகுதியைச் சுத்தம் செய்ய அசிட்டோனில் மென்மையாக்கிய செல்லுலோஸ் அசிட்டேட் பட்டையை ஒட்டி உரியுங்கள். இரண்டு மூன்று உரிப்பில் முகம் வெளிவரும், உரித்த பட்டைகளையும் தூக்கி எறியாமல் வையுங்கள், படிவு அதில்தான் இருக்கிறது. நுண்ணோக்கியில் பழைய ஆஸ்டினைட் மணிகளின் (வெப்பச் சிகிச்சையின்போது இருந்த உலோகப் படிகங்கள்) எல்லை வழியே பிரிந்த, கற்கண்டு போன்ற முகங்களும், அவற்றுக்கு இடையே உள்ளே இறங்கும் கிளை விரிசல்களும் தெரிய வேண்டும். 45 டிகிரி சாய்வாகக் கிழிந்த உதட்டில், உலோகம் நீண்டு அறுந்ததைக் காட்டும் சாதாரண நுண்குழிவுகள் இருக்கும். ஒரே எஃகு, சில மி.மீ. இடைவெளியில் இரண்டு விதமாக முறிந்திருக்கிறது. எஃகு இயல்பிலேயே நொறுங்கக் கூடியது என்றால் உதடும் அப்படியே முறிந்திருக்கும்.

இரண்டு, கடினத்தன்மை. தோளில் 'எச்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஹைட்ரஜன் நொறுங்கல் உண்டாக்கும் வாயுக்களுக்கு ஏற்ற எஃகு என்ற அடையாளம் அது, அந்த எஃகுக்கு இழுவலிமை உச்சம் 950 மெகாபாஸ்கல். உங்கள் எஃகு அதற்குள்தான் இருக்கிறது. ஆனால் அந்த எல்லை வாயுவுக்காக வைத்தது. ஈரமான ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ள இடங்களில் எஃகு 22 ராக்வெல் சி-யைத் தாண்டக் கூடாது என்பார்கள், அது ஏறத்தாழ 250 விக்கர்ஸ். அமிலத்தில் நனைந்த 280 விக்கர்ஸ் எஃகு விரிசல் விடுவதில் வியப்பில்லை. எஃகு தரத்துக்கு உட்பட்டது, சூழல்தான் தரத்துக்கு வெளியே போனது. இந்த இரண்டையும் அறிக்கையில் தனித்தனியாக எழுதுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கொள்முதலில் எஃகை மாற்றிவிட்டு நீரை அப்படியே விட்டுவிடுவார்கள்.

மூன்று, மீண்டும் உருவாக்கிக் காட்டுவது. பாதிப்பில்லாத பகுதியிலிருந்து சி வடிவ வளையங்கள் அறுங்கள். வழக்கமாகப் போல்ட்டை இறுக்கினால் வளையத்தின் வெளிப்பக்கம்தான் இழுபடும். நமக்கு வேண்டியது உள்பக்கம், ஆகவே வாயில் ஆப்பு வைத்து விரிக்க வேண்டும். உள்பரப்பைத் தேய்க்காமல் அப்படியே விடுங்கள். ஒரு தொகுதி வளையங்களை ஹைட்ரஜன் குளோரைடு நிறைவுற்ற அமிலத்திலும், ஒரு தொகுதியை உலர் வாயுவிலும் வையுங்கள். முதல் தொகுதி மட்டும் விரிசல் விட்டு, முகம் முன்பு பார்த்த மாதிரியே இருந்தால் எதிர்ப்பு வராது.

பக்கத்தில் ஒரு விஷயம். இந்தக் கோப்பைப் படிப்பவர் யாராவது கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு கலவைச் சிலிண்டர்களைக் கையாண்டால், அங்கே குழியையோ படிவையோ தேடி ஏமாற வேண்டாம். மோனாக்சைடு, டை ஆக்சைடு, நீர் மூன்றும் சேர்ந்தால் தகைவு அரிப்பு விரிசல் (இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து உண்டாக்குவது) வரும். மோனாக்சைடு பரப்பின் மேல் ஒட்டிக்கொண்டு பொது அரிப்பைத் தடுத்துவிடும், ஆகவே சுவர் பளிச்சென்று இருக்கும். அதன் நடுவே மணிகளைக் குறுக்காக வெட்டிக்கொண்டு, கிளை பிரிந்த மெல்லிய விரிசல் ஓடும். அல்ட்ராசோனிக் தடிமன் மீட்டர் எல்லாம் சரி என்றே சொல்லும், விரிசல் தேடும் சாய்கதிர்ச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

---

சிறுகுடுவை கேட்டது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஆய்வகத்தின் பழைய இருப்பில் நீரற்ற ஹைட்ரஜன் ஃபுளோரைடு உள்ள கையடக்க எஃகுச் சிலிண்டர் ஒன்று இருக்கிறது, அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான அளவு. வாங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. வெளியே துரு இல்லை. தடிமன் மீட்டரில் சுவர் குறையவில்லை. அப்படியே வைத்திருக்கலாமா?

---

வேதிக்கூடம் பதில்:

வைத்திருக்கக் கூடாது, நீங்களே திறக்கவும் கூடாது. ஹைட்ரஜன் ஃபுளோரைடு நீரே இல்லாமலும் எஃகோடு மெதுவாக வினைபுரிந்து இரும்பு ஃபுளோரைடும் ஹைட்ரஜனும் தரும். பல ஆண்டு கிடந்த இப்படிப்பட்ட சின்னச் சிலிண்டர்கள் தாமாகவே வெடித்த சம்பவங்கள் பதிவாகியுள்ளன.

தடிமன் மீட்டர் ஏன் எதையும் காட்டவில்லை என்று பாருங்கள். உள்ளே 0.2 லிட்டர் காலியிடம் இருப்பதாக வைத்தால், அங்கே 100 பார் ஹைட்ரஜன் சேர 0.82 மோல் போதும், அதாவது 46 கிராம் இரும்பு. அந்த அளவுச் சிலிண்டரின் உள்பரப்பு 450 சதுர செ.மீ. வரும். சுவரில் குறைவது 0.13 மி.மீ. உங்கள் மீட்டரின் பிழையே கிட்டத்தட்ட அந்த அளவு இருக்கலாம். சுவர் முழுசாக இருக்க, அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஹைட்ரஜன் ஃபுளோரைடு 19.5 டிகிரியில் கொதிக்கும், ஆகவே அறை வெப்பத்தில் அதன் சொந்த அழுத்தம் வளிமண்டல அளவுதான். அந்தச் சிலிண்டரில் அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு பாரும் ஹைட்ரஜன்தான்.

தட்டாதீர்கள், உருட்டாதீர்கள், வால்வு இறுகியிருந்தால் ஸ்பேனர் போடாதீர்கள். அறையைப் பூட்டி, வெயிலும் வெப்பமும் படாமல் விட்டு, அழுத்தம் ஏறிய சிலிண்டர்களைத் தொலைவிலிருந்து துளையிட்டுக் காலி செய்யும் வசதி உள்ளவர்களை வரவழையுங்கள். வேலை முடியும்வரை கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஹைட்ரஜன் புரோமைடு சிறு சிலிண்டர் பழையது இருந்தாலும் இதே நடைமுறைதான்.

---

கலன்கணக்கு:

உருளைஆய்வு, உங்கள் மற்ற சிலிண்டர்களுக்கு வருகிறேன். அவற்றைக் கிடக்கும் நிலையிலேயே விடுங்கள், நிமிர்த்த வேண்டாம். உருட்டினால் அமிலம் புதிய இடத்தை நனைக்கும். அதைவிட, உள்ளே பாதி ஆழத்துக்கு விரிசல் விட்ட சிலிண்டர் ஒன்று இருந்தால் தூக்கிப்போடும் அதிர்ச்சியே அதற்குப் போதும். கீழ்ப்புறம் எது என்று ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் குறியிடுங்கள், பிறகு விரிசல் தேட வேண்டிய கோடு அதுதான். கிடங்கைக் குளிர்ச்சியாக வையுங்கள். நீர் தெளிப்பதாக இருந்தால், கசிவு இருக்கும் சிலிண்டர் மேல் நேரடியாகப் படக் கூடாது.

அடுத்து அழுத்தம். 24 மணி நேரம் ஒரே வெப்பத்தில் இருந்தபின், உடலில் ஒட்டிய வெப்பமானியையும் அழுத்தமானியையும் ஒரே நேரத்தில் படியுங்கள். 20 டிகிரியை ஒட்டி, ஒரு டிகிரிக்கு ஒரு பார் மாறும், ஆகவே வெப்ப அளவீட்டில் தவறு விட்டால் இல்லாத ஹைட்ரஜன் தெரியும். அழுத்தமானி காட்டுவது வளிமண்டலத்துக்கு மேலான அளவு என்பதையும் மறக்க வேண்டாம், அட்டவணை எண்ணோடு ஒப்பிடும்போது ஒரு பார் கூட்டுங்கள். உங்கள் வெடித்த சிலிண்டரில் 1.5 மோல் ஹைட்ரஜன் என்றால், திரவத்தில் கரைந்ததைக் கணக்கில் எடுக்காவிட்டால், 20 டிகிரியில் 5 லிட்டர் இடத்தில் 7 பார், 30 டிகிரியில் 2 லிட்டர் இடத்தில் 19 பார். அன்று உள்ளே இருந்தது 53 அல்ல, 70 பாரை ஒட்டியது. என் முந்தைய கணக்கில் 54 பாரே போதும் என்று வந்தது, ஆகவே முடிவு மாறாது. ஆனால் மற்ற சிலிண்டர்களைப் பிரிக்க இந்த வேறுபாடு உதவும். அட்டவணையைவிட 3 பாருக்கு மேல் கூடுதல் என்றால் அதைத் தனியே ஒதுக்குங்கள். கூடுதல் இல்லை என்பதால் மட்டும் பாதுகாப்பு என்று விட்டுவிட வேண்டாம்.

வாயு மாதிரியை மேல் வெளியிலிருந்து எடுத்து, காஸ்டிக் கரைசல் வழியே விட்டு ஹைட்ரஜன் குளோரைடை நீக்கியபின் மிஞ்சுவதைக் குரோமட்டோகிராஃபில் கொடுங்கள். வெப்பக் கடத்துத் திறன் உணரிக்கு ஆர்கான் கேரியர் கேளுங்கள், ஹீலியத்தில் ஹைட்ரஜன் சரியாகத் தெரியாது. காஸ்டிக் பக்கத்திலும் அதே உறிஞ்சல் ஆபத்து இருக்கிறது. இடையில் ஒரு வெற்றுக் குடுவையும் நான்-ரிட்டர்ன் வால்வும் போடாமல் குழாயைக் கரைசலில் இறக்க வேண்டாம். வெளியேறும் வாயுவில் ஹைட்ரஜன் இருக்கும் என்பதால் அருகில் தீப்பொறி வரும் எதுவும் கூடாது.

காலி செய்து நைட்ரஜனால் கழுவியபின், குறியிட்ட கோட்டின் இருபுறத்திலிருந்தும் 45 டிகிரி சாய்கதிர் அல்ட்ராசோனிக், 5 மெகாஹெர்ட்ஸ். வால்வைக் கழற்றி உள்ளே கேமரா விட்டுப் பாருங்கள். குழிப் பட்டை தெரியும் எந்தச் சிலிண்டரையும் கடைந்து, கழுவி, மறுபடி ஹைட்ரோ டெஸ்ட் செய்து பணிக்கு விட வேண்டாம். 300 மி.மீ. நீள விரிசலைப் பாதி ஆழத்தில் வைத்துக்கொண்டே ஒரு சிலிண்டர் அந்த டெஸ்ட்டில் தேறிவிடலாம். கழுத்தில் துளையிட்டோ நசுக்கியோ மறுபடி யாரும் நிரப்ப முடியாதபடி செய்துவிடுங்கள். ஒன்றை மட்டும் அழிக்காமல் முறிமுகத்திடம் கொடுங்கள். திரவ நைட்ரஜனில் குளிரவைத்துத் திறந்த, காற்றில் அரிக்காத விரிசல் முகம் அவருக்கு அதில்தான் கிடைக்கும்.

---

உருளைஆய்வு:

நன்றி. வால்வின் உள்வாயில் பச்சைப் படிவு இருந்தது, தனிக் குப்பியில் எடுத்தாகிவிட்டது, ஐசிபி-க்குப் போகிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, கடைசியாகப் பயன்படுத்திய இடத்திலிருந்து அவர்களுடைய உறிஞ்சு தொட்டிக் கரைசலில் அரை லிட்டரும், குழாய் இணைப்பின் வரைபடமும் கேட்டிருக்கிறேன்.